பென்சில் முறியும் ஓசை

1957 ஜனவரி. அமெரிக்காவின் தென் கரோலினா கடற்கரையை ஒட்டிய ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டில் 14 பேர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் வயதில் பெரியவர்கள், கறுப்பினத்தவர்கள். வயல்வேலை குறைந்த குளிர்காலம் என்பதால்தான் வாரத்தில் இரண்டு இரவுகளை அவர்களால் ஒதுக்க முடிந்தது. கலப்பை பிடித்தும் பருத்திச் சாக்கு இழுத்தும் காய்த்துப்போன கைகளில் அன்று பென்சில் கொடுக்கப்பட்டது. கலப்பையைப் பிடிக்கும் அழுத்தத்தோடே பென்சிலையும் பிடித்தார்கள். அறையின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் பென்சில்கள் முறியும் ஓசை கேட்டதைப் பிற்காலத்தில் அந்த வகுப்போடு தொடர்புடையவர்கள் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார்கள்.

அவர்கள் முன்னால் நின்ற பெர்னிஸ் ராபின்சன் அதுவரை எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை. சிகை அலங்காரமும் தையலும் அவருடைய தொழில். ஆசிரியைகளாக இருந்த உறவுக்காரப் பெண்களிடம் கேட்டு, தொடக்கப் பள்ளிப் பாடநூல்களையும் படங்களையும் கொண்டுவந்திருந்தார். வந்தவர்களின் முகங்களைப் பார்த்ததுமே அவை சிறுபிள்ளைத்தனமானவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூட்டையை ஓரமாக வைத்தார். தான் ஆசிரியை இல்லை என்றும், எல்லோரும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்றும் சொன்னார். பிறகு, என்ன கற்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்.

பெரியவர்களுக்குக் கற்பிப்பதைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் நான் தேடிய பல கேள்விகளுக்கு இந்தக் காட்சியில்தான் பதில் கிடைத்தது. கற்பிக்கும் பாணி ஆசிரியரின் சுபாவம் என்றும், வீட்டிலிருந்து வகுப்புக்கு எடுத்துப்போகும் சொத்து என்றும் நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஒருவர் கலகலப்பானவர், இன்னொருவர் கண்டிப்பானவர், மூன்றாமவர் கதை சொல்பவர் என்று பிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குழந்தைகளின் வகுப்பில் இது ஓரளவு செல்லும். பிடிக்காவிட்டாலும் குழந்தைகள் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர்கள் மறுநாள் வராமல் இருந்துவிடலாம். அதனால் அவர்களுக்குக் கற்பிப்பவரின் பாணியில் பாதி, அவர்கள் கண்ணெதிரே அவர் கைவிடச் சம்மதிக்கும் பொருட்களால் ஆனது. ராபின்சனின் பாணி அவர் ஓரமாக வைத்த அந்த மூட்டையில் தொடங்கியது.

ராபின்சனை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததில் தெளிவான கணக்கு இருந்தது. டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் 1932இல் ஹைலாண்டர் என்ற நாட்டுப்புறப் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர் மைல்ஸ் ஹார்ட்டன். தீவுக்காரர்களைச் சொந்தப் பேருந்தில் சார்ல்ஸ்டன் நகர வேலைக்கு ஏற்றிச்சென்ற ஈசா ஜென்கின்ஸ், தம் மக்கள் வாக்காளர்களாக வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று ஹைலாண்டருக்குப் போய் உதவி கேட்டார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற விதி கறுப்பினத்தவரைத் தடுத்துவைத்திருந்த காலம் அது. தீவில் முதியோர் வகுப்பு அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. ஏன் அது நிலைக்கவில்லை என்று ஹார்ட்டன் விசாரித்தபோது கிடைத்த காரணம் மிக எளிது. பெரியவர்களைப் பிள்ளைகளின் குட்டி மேசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால் முட்டிக்கொண்டு நிற்க, அதைப் பார்த்த குழந்தைகள் நெடுங்கால் பூச்சியின் பெயரைச் சொல்லிக் கேலிசெய்தார்கள். வந்தவர்கள் வராமல் நின்றுவிட்டார்கள்.

பாடத்திட்டமோ ஆசிரியரின் அறிவோ அங்கே காரணமாக இருக்கவில்லை. நாற்காலி காரணமாக இருந்தது. பள்ளி என்ற அமைப்பே பெரியவரைச் சிறியவராக்கிவிடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஹார்ட்டனும், இந்தத் திட்டத்தை வடிவமைத்த செப்டிமா கிளார்க்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தேடவில்லை. பயிற்சி பெற்றவர் பள்ளிக்கூடத்தையும் கூடவே அழைத்து வந்துவிடுவார் என்று அஞ்சினார்கள். ராபின்சனுக்குக் கேட்கத் தெரியும். முடி திருத்தும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் குடும்பக் கதைகளை ஆண்டுக்கணக்கில் கேட்டவர். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர் என்பதால், வெள்ளையர் யாரும் அவருடைய வயிற்றில் அடிக்க முடியாது என்ற பாதுகாப்பும் இருந்தது.

இதைக் கொண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர் பெரியவர்களுக்குப் பயன்பட மாட்டார் என்று முடிவு கட்டுவது தவறு. கிளார்க்கே நாற்பது ஆண்டு ஆசிரியப் பணி செய்தவர்தான். 1916இல், 18 வயதில், இதே தீவில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். எழுதக் காகிதமில்லாததால் சலவைக் கடைப் பைகளில் அவர்களுடைய கதைகளை எழுதி, அவற்றையே வாசிப்புப் பாடமாக்கினார். கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை விட்டுக்கொடுக்க மறுத்ததால் 1956இல் வேலையும் ஓய்வூதியமும் போயின. அடுத்த ஆண்டே ஜான்ஸ் தீவு வகுப்பு தொடங்கியது. பள்ளிக்கூடம் தெரிந்திருந்தும் எதை வாசலில் விட்டுவர வேண்டும் என்று அறிந்தவர் அவர். அந்த அறிவு ராபின்சனின் அறியாமையைவிட அரிது என்றே எனக்குப் படுகிறது.

என்ன கற்க வேண்டும் என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். பைபிள் படிக்க வேண்டும். ராணுவத்திலிருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் பட்டியலைப் படித்து ஆர்டர் செய்ய வேண்டும். அரசியலமைப்பைப் படித்துக்காட்டி வாக்காளராக வேண்டும். ராபின்சன் இவற்றையே பாடமாக்கினார். அந்தப் படிவங்களே பாடநூலாயின. செய்தித்தாளில் வரும் மளிகை விளம்பரங்களைக் கொண்டு கணக்கு நடந்தது. பெயரெழுத, ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக்கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கை பழகியது, பென்சில் முறிவது நின்றது.

இங்கே நம் ஊர் நன்னூலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கண நூலின் பாயிரத்தில் ஆசிரியரைப் பற்றியும் மாணவரைப் பற்றியும் விரிவான பேச்சு இருக்கிறது. பாடம் சொல்பவர் இடமும் காலமும் பார்த்து, விரையாமல், வெகுளாமல், கேட்பவர் எப்படி ஏற்பார் என்பதை அறிந்து, அவர் மனம் கொள்ளும்படி கொடுக்க வேண்டும் என்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இலக்கணத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே பாயிரம் மாணவரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரிக்கிறது. நம் வகுப்பறைகள் முதல் பகுதியை மறந்துவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முதியோர் வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர், என்றோ ஒருநாள் ஓட்டைக்குடம் என்று சொல்லப்பட்டுப் பள்ளியிலிருந்து போனவர்கள், அல்லது குடம் தூக்கப் போக வேண்டியிருந்ததால் பள்ளிக்கே வராதவர்கள். அந்தப் பழைய தீர்ப்பு அவர்களோடு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடுகிறது.

கோட்பாட்டாளர்களும் இதைச் சுற்றியே வந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970இல் வெளியிட்ட நூலில், பெரியவருக்குக் கற்பிக்கும் கலை குழந்தைக்குக் கற்பிக்கும் கலையிலிருந்து வேறானது என்று வாதிட்டார். பெரியவருக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, தன்னைத் தானே நடத்திக்கொள்ள விரும்புகிறார், உடனே பயன்படுவதைக் கற்க வருகிறார் என்பவை அவருடைய அடிப்படைகள். பத்தாண்டு கழித்து வந்த திருத்திய பதிப்பில் அந்த நூலின் துணைத் தலைப்பையே மாற்றினார். இரண்டும் எதிரெதிர் துருவங்கள் அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை என்ற பொருள் வரும்படி. பள்ளி ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்ன பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டவர் அவர். அவருடைய அடிப்படைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த மாற்றத்தைக் கவனிப்பது ஆசிரியருக்கு அதிகம் உதவும்.

இன்னொரு புறம், கற்பவர்களை, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து, அதற்கேற்பப் பாணியை அமைத்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சிகள் இன்றும் நடக்கின்றன. 2008இல் நான்கு உளவியலாளர்கள் அந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ஆசிரியர் இத்தகைய பிரிவுகளில் நேரம் செலவழிப்பதை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன். எதிரில் இருக்கும் பெண்மணி கண்ணால் கற்பவரா காதால் கற்பவரா என்பதைவிட, எட்டு மணி பேருந்தை விட்டால் அவருக்கு வீட்டுக்குப் போக வழி உண்டா என்பது முக்கியம்.

பாணி எப்படி உடைந்து மறுபடி உருவாகிறது என்பதற்குப் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே தம்மையே உதாரணமாக்கி எழுதியிருக்கிறார். ரெசிஃபே நகரில் தொழிலாளர் நல நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இளவயதில், பெற்றோர் கூட்டம் ஒன்றில், பிள்ளைகளை அடித்து வளர்ப்பது கூடாது என்று நீண்ட உரையாற்றினார். உளவியலாளர் பியாஜேயின் ஆய்வுகளை எல்லாம் எடுத்துச் சொன்னார். முடிந்ததும், நாற்பது வயதுக்குள் கிழடு தட்டிப்போன ஒரு தொழிலாளி எழுந்தார். பேச்சு நன்றாக இருந்தது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்று தெரியுமா என்று கேட்டார். நெரிசலான தன் வீட்டை வர்ணித்தார். பிறகு ஃபிரெய்ரேயின் வீட்டை, பார்க்காமலே, அறை அறையாகச் சொல்லிக்காட்டினார். களைத்துத் திரும்பி, பசித்த பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே தூங்கி, விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்களின் கை ஓங்குவது அன்பில்லாமல் அல்ல என்றார். ஃபிரெய்ரே நாற்காலியில் குறுகிப்போனார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை போலும் என்று மனைவி எல்சாவிடம் சொல்ல, புரியாமல் போனது உங்களுக்கோ என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்சாவும் ஆசிரியை.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1963இல், அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றபோது ஃபிரெய்ரேயின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. அன்றாடம் புழங்கும் சொற்களை முதலில் கேட்டுச் சேகரிப்பது, அவற்றிலிருந்து எழுத்துக்குப் போவது என்ற அவருடைய முறை பயிற்சி நூல்களில் படிப்படியாக விளக்கப்படுகிறது. ஆனால் நாற்காலியில் குறுகிப்போன அந்த மாலை எந்தப் பயிற்சி நூலிலும் ஒரு படியாக இல்லை. அந்த அனுபவம் இல்லாமல் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர், சொற்களைச் சேகரிப்பதையும் ஒரு வீட்டுப்பாடமாக்கிவிடுவார்.

தமிழில் இந்த முறைக்கு ஒரு சிறப்பான தேவை இருக்கிறது. 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் மாட்டி, அகரத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினால், நாற்பது வயதுப் பெண்ணுக்கு அது ஏற முடியாத மலையாகத் தோன்றும். ட, ப, ம என்ற எழுத்துகள் பெரும்பாலும் கோடும் மூலையுமாக இருப்பவை. கைக்கு எளிதில் வரும். இவற்றோடு ஒரு புள்ளியையும் ஒரு துணைக்காலையும் சேர்த்தால் முதல் வாரத்திலேயே படம், பட்டம், பட்டா என்று எழுதிவிடலாம். பட்டா என்ற சொல் கரும்பலகையில் விழுந்ததும் வகுப்பில் பேச்சு தானாக எழும். யார் நிலம், யார் பெயரில், யார் வைத்த கைநாட்டு என்று. அந்தப் பேச்சை நிறுத்தி அடுத்த எழுத்துக்குப் போகும் ஆசிரியர் உண்டு. அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்கும் ஆசிரியரும் உண்டு. இருவர் கையிலும் இருப்பது ஒரே பாடநூல்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இதற்குப் பெரிய சான்று. அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருத் தன்னார்வலர்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். இதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்த ஒரு விவரத்தை நான் பல ஆண்டுகளாக மறக்கவில்லை. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்களில் சிலருக்கு, பிறகு அதுவே பிடித்துப்போயிற்று. காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்கு எது ஏற்றது என்று வெளியிலிருந்து முடிவுசெய்பவர்கள் கம்பியில்லாத வண்டியைத்தான் கொடுப்பார்கள். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வேலையுமாக வாழ்கிறவருக்குத்தான் அந்தக் கம்பி இருக்கையாகத் தெரியும். கற்பவர் கொண்டுவரும் அனுபவம் என்று நோல்ஸ் சொன்னதன் முழுப் பொருளும் அந்தக் கம்பியில் இருக்கிறது.

பாணியை நாள்தோறும் திருத்திக்கொள்ள ஒரு கண்ணாடி தேவை. பெரியவர்கள் ஆசிரியரிடம் குறை சொல்ல மாட்டார்கள். எங்கள் மண்டையில் ஏறவில்லை என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள், அல்லது நின்றுவிடுவார்கள். இந்த மௌனத்தை உடைக்க ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் என்ற கல்வியாளர் எளிய வழி ஒன்றைப் பின்பற்றினார். வார முடிவில், பெயர் எழுதாமல் ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில். இந்த வாரம் எப்போது மிக ஈடுபாட்டோடு இருந்தீர்கள், எப்போது மனம் விலகிப்போயிற்று, யார் செய்த எந்தச் செயல் உதவியது, எது குழப்பியது, எது வியப்பளித்தது. மறுவாரம் வகுப்பு தொடங்கும்போதே அந்தப் பதில்களின் சாரத்தை எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பெருமையாக நினைத்த இடத்தில் பாதிப் பேர் விலகிப்போயிருப்பார்கள். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை யாரையோ நிமிர்த்தியிருக்கும்.

எழுதவே தெரியாதவர் வகுப்பில் இந்தத் தாள் பயன்படாது. அங்கே வருகைப் பதிவேடுதான் தாள். யார் எந்த நாளுக்குப் பிறகு வரவில்லை, அன்று என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்க்கும் ஆசிரியருக்கு அந்தப் பதிவேடு நிறையச் சொல்லும். வராதவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்ற கேள்வியைக் கேட்காமல், சும்மா பேசிவிட்டு வந்தால் இன்னும் சொல்லும். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. இலக்குகளும் தேர்வுகளும் அதில் உண்டு. ஒரு தன்னார்வலர் தம் வகுப்பில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதிவைக்க ஒரு பக்கமும் இருந்தால், சில ஆண்டுகளில் அதைவிட நல்ல பயிற்சி நூல் நமக்குக் கிடைக்காது.

கேட்பதும் விட்டுக்கொடுப்பதும் மட்டுமே பாணி என்று ராபின்சனின் கதையைப் படித்தால் அதில் பாதியைத் தவறவிடுவோம். அவர் சுவரில் ஒன்றை மாட்டியிருந்தார்: ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம். தன் பெயரையே எழுதத் தெரியாதவர்கள் முன்னால், வகுப்பு முடிவதற்குள் இதை எல்லோரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னார். இதை யாரும் கேட்கவில்லை. கேட்கத் துணிந்திருக்கவும் மாட்டார்கள். கற்பவரின் தேவையிலிருந்து தொடங்குவது என்பது, அவர் இன்று கேட்பதோடு நின்றுவிடுவது அல்ல. மணியார்டர் படிவம் போதும் என்று நினைப்பவரிடம், பிரகடனமும் உங்களுடையதுதான் என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு எங்கிருந்து வருகிறது? முதலில் மணியார்டர் படிவத்தை மதித்ததிலிருந்து வருகிறது என்றே நான் நம்புகிறேன். நம்மிடையே இரக்கத்தின் பெயரால் பெரியவர்களுக்குப் பாடத்தைக் குறைத்துவிடும் ஆசிரியர்கள் பலர். கையெழுத்துப் போட வந்தால் போதும் என்று அந்தப் பெண்ணுக்காக அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். இது குட்டி மேசையில் உட்கார வைப்பதன் இன்னொரு வடிவம்.

ஜான்ஸ் தீவு வகுப்பு பக்கத்துத் தீவுகளுக்குப் பரவியது. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்செஸ்டர் என்ற இடத்தில் புதிய ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. 1957க்கும் 1970க்கும் இடையில் இத்தகைய 897 பள்ளிகள் நடந்ததாகக் கிளார்க் கணக்குச் சொல்கிறார். ஒருவருடைய பாணியை எப்படி இத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? ராபின்சனைப் போல நடிக்க அவர்கள் யாரையும் பழக்கவில்லை. ஊரில் மதிப்புள்ளவர்களை, விவசாயிகளை, தையற்காரர்களை, சிகை அலங்காரம் செய்பவர்களைத் தேடி அழைத்தார்கள். உங்கள் ஊர்க்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்ற தொடக்கத்தைக் கொடுத்தார்கள். பதில் ஊருக்கு ஊர் மாறியதால் வகுப்பும் மாறியது.

முதல் வகுப்பில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். எழுத்தே அறியாமல் வந்தவர். சில வாரங்கள் கழித்து ஒருநாள், ராபின்சன் எல்லோருடைய பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, தன் பெயர் எது என்று யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டார். அந்தப் பெண்மணி எழுந்து வந்து, ஆசிரியையின் கையிலிருந்த அளவுகோலை வாங்கிக்கொண்டார். பலகையில் ஓரிடத்தில் வைத்து, இதுதான் என் பெயர் என்றார். பிறகு அளவுகோலை நகர்த்தி, தன் குடும்பப் பெயரையும் காட்டினார். அந்தக் கணத்தில் தனக்கு மெய்சிலிர்த்தது என்று ராபின்சன் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.